கஞ்சி அட்டையில் சேர்த்த வரி

எங்கள் மாத இதழின் வடிவமைப்புக் கையேட்டில் ஒரு விதி இருந்தது: "உணவு சார்ந்த பக்கங்களில் எவரையும் உண்ணும் நிலையிலோ சுவைக்கும் நிலையிலோ காட்டலாகாது." எனக்கு முன்னால் கலை இயக்குநர் நாற்காலியில் இருந்தவர் எழுதியது. காரணம் எதுவும் எழுதி வைக்கவில்லை. காரணம் தெரிந்தால் அதற்கு விதிவிலக்குக் கண்டுபிடிப்பது எளிதாகிவிடும் என்று நினைத்திருக்கலாம். நானாகப் புரிந்துகொண்ட காரணம் அழகு சம்பந்தப்பட்டது. மெல்லும் வாய் யாருக்கும் அழகாக இருப்பதில்லை. கல்யாண வீடியோவில் பந்திக் காட்சி பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நீங்கள் இப்போதுதான் இந்த வேலைக்கு வந்திருக்கிறீர்கள். கையேட்டின் புதிய பதிப்பை உங்கள் மேசையில் வைத்திருப்பார்கள். படியுங்கள். அதிலுள்ள ஒவ்வொரு விதியும் எங்கேயோ எப்போதோ யாரோ பட்ட அடியிலிருந்து வந்தது. எந்த அடி என்பதை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். இந்த விதியை ஒரு முறை மீறினோம். அப்போது நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் பண்டிகை இதழ்கள் எப்படித் தயாராகின்றன என்பது தெரிய வேண்டும். பத்திரிகை அலுவலகத்தின் காலண்டர் ஊர்க் காலண்டருக்கு முன்னால் ஓடும். தீபாவளி மலருக்காக ஆடி வெயிலில் அதிரசம் சுடுவோம். பொங்கல் அட்டைக்குக் கார்த்திகையில் பானை வைப்போம். ஒரு வருடம் செய்யூர்ப் பக்கம் ஒரு சவுக்குத் தோப்பில் கோலம் போட்டு முடிப்பதற்குள் மழை அதை இரண்டு தடவை கழுவிவிட்டுப் போனது. அட்டையில் என்னவோ தைமாதச் சூரியன்தான் சிரித்தது. வாசகர்கள் இதைக் கேட்டதில்லை, நாங்கள் சொன்னதுமில்லை. இதைப் பொய் என்று எங்களில் யாரும் நினைத்ததே கிடையாது. முன்தயாரிப்பு என்பதுதான் எங்கள் அகராதியில் அதற்குப் பெயர்.

அந்த வருடம் ஆசிரியர் 'கடற்கரைச் சமையல்' என்று ஒரு சிறப்பிதழ் போட முடிவு செய்தார். கோவளத்திலிருந்து தெற்கே கடலோர ஊர்களின் சமையல் எல்லாம் அதில் வர வேண்டும். வெளியாகும் மாதத்தில் ரமலான் வருவதால் அட்டையில் நோன்புக் கஞ்சி. நல்ல யோசனைதான். நோன்பு தொடங்க இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தபோது படம் எடுக்கக் கிளம்பினோம்.

காலையில் மாமல்லபுரத்தில் மீன். வறுத்த வஞ்சிரத் துண்டுகளைப் பாறைமேல் வாழையிலையில் அடுக்கி, அலை பின்னால் உடையும் நேரத்துக்காகக் காத்திருந்தோம். அலைக்கு முன் காகம் வந்துவிட்டது. இருந்ததிலேயே நல்ல துண்டைத் தேர்ந்தெடுத்துக் கொண்டு போனது. புகைப்படக்காரர் காகத்தைத் திட்டினார். எனக்கு அதன் ரசனைமேல் மரியாதை வந்தது. மதியத்துக்குமேல் கோவளத்தில் சுபைதா அம்மாவின் வீட்டுக்குப் போனோம்.

சுபைதாவுக்கு ஐம்பது வயதிருக்கும். கணவர் இறந்த பிறகு சமையல்தான் வாழ்வு. மற்ற மாதங்களில் விசேஷ வீடுகளுக்குப் பிரியாணி. ரமலான் மாதம் முழுக்க நோன்புக் கஞ்சி. நொய்யரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், கொத்துக்கறி, தேங்காய்ப்பால், கடைசியில் புதினா. பள்ளிவாசலிலும் கஞ்சி காய்ச்சுவார்கள். ஆனாலும் அந்தத் தெருவிலும் பக்கத்துத் தெருக்களிலும் சுபைதாவிடம் கஞ்சி சொல்லி வைக்கும் குடும்பங்கள் நிறைய. நோன்பு திறப்பதற்கு முந்திய மாலைத் தொழுகையை ஒட்டி வீட்டுக்கு வீடு தூக்குவாளி வந்து வாசலில் வரிசை கட்டும் என்று சொன்னார்கள். அந்த ஒரு மாத வருமானம் அவரது ஆண்டில் பாதி.

அவருக்கு இருந்த நல்ல பேருக்கு ஒரு காரணம் இருந்தது. நோன்பு வைத்துக்கொண்டு சமைப்பவர் உப்புப் பார்க்க முடியாது. அவரும் பார்ப்பதில்லை. ஆனால் உப்பு ஒரு நாளும் கூடியதுமில்லை, குறைந்ததுமில்லை. "சுபைதா கை பார்க்காமலே பார்க்கும்" என்று அந்தத் தெருவில் சொல்வார்கள்.

அன்று நோன்பில்லை. கேமராவுக்காகக் கொஞ்சமாகக் காய்ச்சிக்கொண்டிருந்தார். புகைப்படக்காரர் விளக்குகளை நகர்த்திக்கொண்டே இருந்ததில் அவருக்குப் பொறுமை போய்விட்டது.

"இன்னா தம்பி, கல்யாணப் பொண்ணாட்டம் கஞ்சிக்கு இம்மாம் லைட்டு? ஆறிப்போச்சுன்னா ஒட்டிக்கும். அப்புறம் பசை டப்பாவைத்தான் போட்டோ புடிக்கணும்."

"ரெண்டே நிமிஷம்மா."

"நீ சொல்ற ரெண்டு நிமிஷத்துல அரிசி வெந்து கொழைஞ்சிடும்."

அடுப்பைக் குறைத்தார். பழக்கத்தில் கரண்டியைத் தூக்கி உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, கையை உதட்டருகே கொண்டுபோய், கண்ணைப் பாதி மூடி நக்கிப் பார்த்தார். கரண்டியை வாயில் வைக்காமல் இப்படி உள்ளங்கையில் விட்டுப் பார்ப்பதுதான் எங்கள் பக்கத்துச் சமையலறைகளின் வழக்கம். ஜன்னல் வெளிச்சம் அந்தக் கையில் விழுந்தது. முகத்துக்கும் அடுப்பிலிருந்த தேக்சாப் பாத்திரத்துக்கும் நடுவே ஆவி வெளுப்பாக எழுந்து நின்றது. புகைப்படக்காரர் கேட்காமலே அழுத்திவிட்டார். நாள் முழுக்க நாங்கள் ஜோடித்து எடுத்த எதுவும் அந்தப் படத்துக்குப் பக்கத்தில் நிற்கவில்லை.

அட்டை முடிவு செய்யும் கூட்டத்தில் நான் விதியைச் சொன்னேன். சுவைக்கும் நிலை, கையேட்டுப்படி கூடாது, கரண்டியிலிருந்து கஞ்சி ஊற்றும் படம் ஒன்று இருக்கிறது, அதை வைக்கலாம் என்றேன். ஆசிரியர் இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"அந்த விதி எதுக்கு? அசிங்கமா இருக்கும்னுதானே?"

"ஆமாம்."

"இது அசிங்கமா இருக்கா?"

"இல்லை."

"அப்போ விதி இங்கே பொருந்தாது."

தர்க்கத்தில் ஓட்டையில்லை. விதிக்குத் தெரிந்த காரணம் அழகு. அழகு என்ற தளத்தில் தோற்றுவிட்ட பிறகு எனக்குச் சொல்ல வேறொன்றும் இருக்கவில்லை. மேசையைச் சுற்றியிருந்த ஏழெட்டுப் பேருக்கும் அதற்குமேல் ஒன்றும் தோன்றவில்லை. அது நோன்புக் கஞ்சி என்பதும் அட்டை வெளியாகும்போது நோன்பு நடந்துகொண்டிருக்கும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். தெரிந்த இரண்டு விஷயங்களை ஒன்றாக வைத்துப் பார்க்கத்தான் யாருமில்லை. ஆசிரியரே தலைப்பும் எழுதினார்: 'கோவளத்தில் கஞ்சி கொதிக்கும் நேரம்.'

நோன்பு தொடங்கி முதல் வாரத்தில் உள்பக்கங்கள் அச்சாகி முடிந்தன. அட்டை மட்டும் பாக்கி. எங்கள் அச்சகம் கூடுவாஞ்சேரியில், ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே. நான் செங்கல்பட்டுக்காரன் என்பதால் அட்டை ஓட்டும் நாளில் அலுவலகம் போகாமல் நேரே அங்கே இறங்கிவிடுவது வழக்கம். காலையில் மாதிரித் தாளைப் பார்த்து நன்றாக வந்திருக்கிறது என்று சொன்னேன். சாயங்கால ஷிப்டில் மிஷினில் ஏற்றுவார்கள்.

அதற்கு முந்தைய நாளே விளம்பரப் பிரிவு அட்டையை முகநூலில் போட்டிருந்தது. கூடவே ஒரு வரி: 'கோவளத்தில் இப்போது நோன்புக் கஞ்சி கொதிக்கிறது!' இப்போது என்ற சொல்லை எழுதியவர் எழுதும்போது ஆலந்தூரில் எங்கள் அலுவலகத்தின் குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருந்தார்.

மதியம் சுபைதா என்னைக் கூப்பிட்டார். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"சார், அந்தப் போட்டோ எப்போ எடுத்தது?"

"போன மாசத்துக்கு முன்னாடி. ஏம்மா?"

"எனக்குத் தெரியும் சார். உங்களுக்குத் தெரியுமான்னு கேட்டேன். இங்க யாருக்கும் தெரியல."

அச்சகத்துக்குப் பால் வாங்கப் போகும் பைக்கை இரவல் வாங்கிக்கொண்டு கிளம்பினேன். வண்டலூர் கேளம்பாக்கம் சாலை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. போகும் வழியெல்லாம் ஒரு தீர்வைத் தயாரித்துக்கொண்டு போனேன். படத்தை அட்டையிலிருந்து எடுத்துவிடுவது. ஊற்றும் படம் தயாராக இருக்கிறது. முகநூல் பதிவை நீக்கச் சொல்வது. மன்னிப்புக் கேட்பது. எல்லாம் சரியாக இருந்தது. சம்பந்தப்பட்டவரிடம் கேட்பதற்கு முன்னால் எந்தத் தீர்வும் சரியாகத்தான் இருக்கும்.

வீட்டு வாசலில் பெரிய தேக்சா நிறையக் கஞ்சி. மாலைத் தொழுகைக்குப் பள்ளிவாசலில் கூப்பிட்டு ஆகியிருந்தது. வரிசை கட்டும் என்று சொன்ன இடத்தில் நாலைந்து தூக்குவாளிகள் இருந்தன. சுபைதாவின் தம்பி அன்சாரி, கடைத்தெருவில் செல்போன் கடை வைத்திருப்பவர், என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"பாருங்க சார். முந்தா நாள் வரைக்கும் வைக்க எடமில்லாம இருந்துது. எங்க அக்கா நோன்புல ருசி பாக்குதுன்னு வாட்ஸாப்ல சுத்திகினு கீது. எனக்கே நாலு பேரு அனுப்பிட்டான். கூடவே சிரிக்கிற பொம்மை வேற."

"நோன்புக்கு முன்னாடி எடுத்ததுன்னு நீங்க சொல்லலாமே?"

"சொன்னேனே. 'இப்போ கொதிக்கிறது'ன்னு உங்க பத்திரிகையே போட்டிருக்கே, அது பொய்யா பாய்ன்றான். நான் இன்னா சொல்ல? பொய்தான்னு சொன்னா, அவ்ளோ பெரிய பத்திரிகை பொய் சொல்லுமா, உங்க அக்காதான் சமாளிக்குதுன்றான்."

சுபைதா தூக்குவாளிகளில் கஞ்சி ஊற்றிக்கொண்டே பேசினார். "நாக்கு நுனியில வச்சுப் பார்த்துத் துப்பிட்டா நோன்பு முறியாதுன்னு பள்ளிவாசல் ஹஜரத்தே சொல்வாரு சார். சமைக்கிறவங்களுக்கு அது உண்டு. ஆனா நான் அதுவும் செஞ்சதில்ல. அதனாலதான் என் கஞ்சிக்கு ஜனம் வந்துது. இப்போ இன்னா சொல்றாங்க தெரியுமா? 'இத்தனை வருசமா உப்பு எப்படிக் கரெக்டா இருந்துதுன்னு இப்பத்தானே தெரியுது'ன்றாங்க."

நான் தயாரித்து வைத்திருந்ததைச் சொன்னேன். அட்டை இன்னும் அச்சாகவில்லை, படத்தை எடுத்துவிடலாம்.

"அதச் செய்யுங்க மொதல்ல" என்றார் அன்சாரி.

"வாய மூட்றா" என்றார் அக்கா. கரண்டியைத் தேக்சாவின் விளிம்பில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "எடுத்துட்டா இன்னா அர்த்தம் சார்? நேத்து ஊரெல்லாம் காட்டிட்டு இன்னிக்கு மறைச்சா, தப்பு நடந்தது நெசம், பத்திரிகைக்காரனே பயந்து எடுத்துட்டான்னு ஆவாதா? வாட்ஸாப்ல இருக்கறத நீங்க எடுக்க முடியுமா?"

"முடியாது."

"அப்போ போடுங்க. அதே போட்டோவப் போடுங்க. எப்போ எடுத்ததுன்னு அதுமேலயே போடுங்க."

"அக்கா, அந்த மூஞ்சியே வேணாங்கறேன்..."

"என் மூஞ்சிடா அது. நல்லாதான் கீது. நோன்பு இல்லாத நாள்ல ருசி பார்க்காம இருக்க எனக்கென்ன வேண்டுதலா? நான் எதுக்கு ஒளியணும்?"

கூடுவாஞ்சேரியிலிருந்து நான் சுமந்து வந்த தீர்வு அங்கேயே விழுந்தது. படத்தை நீக்குவது எங்களுக்கு நல்லது. அவருக்கு அது தீர்ப்பு எழுதிக் கொடுத்த மாதிரி. இந்த வேறுபாடு எனக்குத் தானாகத் தோன்றவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். தவறு நடந்தால் அந்தப் பக்கத்தைக் கிழிப்பதுதான் நமக்கு முதலில் தோன்றும். பாதிக்கப்பட்டவர் கேட்பது பெரும்பாலும் அதுவாக இருக்காது.

சரி, ஒரு வரிதானே என்று நீங்கள் நினைக்கலாம். அந்த ஒரு வரிக்குத்தான் எங்கள் அலுவலகத்தில் வழி கிடையாது. அட்டையில் எந்த எழுத்தைச் சேர்த்தாலும் ஆசிரியரின் ஒப்புதல் வேண்டும். ஆசிரியர் கோயம்புத்தூரில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். சுபைதாவின் வாசலில் நின்றபடியே கூப்பிட்டேன். பின்னால் நாதஸ்வரம் கேட்டது. விஷயத்தைச் சொன்னேன்.

"படத்தை மாத்திடுங்க. அதுக்கு இப்பவே ஓகே சொல்றேன்."

"மாத்தினா அந்தம்மா குற்றவாளி மாதிரி ஆயிடுவாங்க சார். நோன்புக்கு முன்னாடி எடுத்ததுன்னு ஒரு வரி போதும்."

நாதஸ்வரச் சத்தத்தை விட்டுத் தள்ளிப் போனார். பிறகு, "யோசிச்சுப் பாருங்க. அந்த வரியைப் போட்டோம்னா, பொங்கல் பானை எப்போ பொங்கிச்சுன்னு கேப்பான். தீபாவளிப் பட்டாசு எப்போ வெடிச்சதுன்னு கேப்பான். இத்தனை வருஷ அட்டையும் சந்திக்கு வரும்" என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. சொன்னதிலும் தவறில்லை. ஒரு பெண்ணின் பெயர் ஒரு பக்கம், ஒரு பத்திரிகையின் பழக்கம் இன்னொரு பக்கம். தன் பொறுப்பில் இருப்பதை அவர் காப்பாற்றினார்.

"முடியாதுங்கறீங்களா சார்?"

"முடியாதுன்னு சொல்லல. மெயில் போடுங்க. பார்த்துட்டுச் சொல்றேன்."

அலுவலக மொழியில் இதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். மறுப்பவர் பொறுப்பேற்க வேண்டும். மெயில் போடச் சொல்பவருக்கு அந்தத் தொல்லை இல்லை. அவருக்காக நேரமே மறுத்துவிடும். அங்கேயே நின்று மெயில் எழுதினேன். முறைப்படி விநியோகப் பிரிவுக்கும் விளம்பரப் பிரிவுக்கும் நகல். நடைமுறையை எந்த நிலையிலும் நான் விட்டதில்லை. நடைமுறைக்கு வெளியே போக வேண்டி வரும் நாளில் அதுதான் உதவும்.

"இன்னா சொன்னாரு?" என்றார் சுபைதா.

"பார்க்கறேன்னாரு."

"நீங்க இன்னா சொல்றீங்க?"

பைக்கை எடுத்தேன். வாக்குக் கொடுத்துவிட்டு நிறைவேற்ற முடியாமல் போனால் அன்று அவருக்கு நடந்த இரண்டாவது அநியாயமாக அது இருந்திருக்கும்.

திரும்பும் வழியில் கையேட்டை மனதுக்குள் புரட்டிக்கொண்டே வந்தேன். எழுத்துக்கு ஆசிரியர் வேண்டும். படத்துக்கு ஆசிரியர் வேண்டும். விலை, தேதி, விளம்பரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு கையெழுத்து. கலை இயக்குநர் தன் கையெழுத்தில் மட்டும் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று: மிஷினில் நிறம் சரியாக விழவில்லை என்றால் அச்சை நிறுத்தி, அந்த நிறத்தின் தகட்டை மட்டும் மறுபடி எடுக்கச் சொல்லலாம். நான்கு நிறத்துக்கு நான்கு தகடு. எழுத்து எல்லாம் இருப்பது கறுப்புத் தகட்டில்.

அச்சகத்துக்குள் நுழைந்தபோது மிஷின் ஓடத் தொடங்கியிருந்தது. ஃபோர்மன் கண்ணப்பன் முதலில் விழுந்த தாள்களை விசிறி மாதிரி விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தேன்.

"நிறுத்துங்க. கறுப்பு கனமா விழுது. முகம் இருட்டா வருது."

"இன்னா சார் பேஜாரு பண்றீங்க? காலைல இதே மூஞ்சியப் பாத்து நல்லாக்குதுன்னு சொன்னது யாரு?"

"காலையில வெளிச்சம் வேற."

"உள்ள டியூப்லைட்டு சார். காலைலயும் அதான் எரியுது, சாய்ங்காலமும் அதான் எரியுது."

"கறுப்புத் தகடு புதுசா எடுக்கணும். நான் கையெழுத்துப் போடறேன்."

"வண்டி வந்து நிக்கும். மதுரை கட்டு மொதல்ல போவணும். லேட்டானா உங்க ஆபீஸ்காரன் என் தலையில ஏறுவான்."

"என் தலையைக் காட்டுங்க."

முணுமுணுத்துக்கொண்டே மிஷினை நிறுத்தினார். சொன்னது பொய்யா என்று கேட்காதீர்கள். எங்கள் எந்த அட்டையிலும் கறுப்பு சரியாக விழுந்ததே இல்லை. மற்ற நாட்களில் விட்டுவிடுவேன், அன்றைக்கு விடவில்லை.

பக்கத்து அறையில் கணினிமுன் உட்கார்ந்தேன். முகத்தில் கறுப்பைக் கொஞ்சம் குறைத்தேன், உண்மையாகவே. பிறகு வரி. திருத்தங்களை எறும்பு எழுத்தில், யாரும் பார்க்காத மூலையில் போடுவது நம் தொழிலின் மரபு. அப்படிப் போட்டால் போட்டதாகவும் ஆகும், போடாததாகவும் ஆகும். சுபைதாவுக்கு அது உதவாது. வாட்ஸாப்பில் அந்தப் படத்தைப் பார்த்தவர்களின் கண் எங்கே போனதோ, அங்கேயே வரி நிற்க வேண்டும். கண் போகும் இடம் உள்ளங்கை. கைக்குப் பின்னால் சுவர் இருட்டு, அங்கே கறுப்பு எழுத்து செத்துப்போகும். கைக்குக் கீழே ஆவி வெளுத்திருந்தது. அங்கே வைத்தேன். தலைப்புக்கு அடுத்த அளவில், சாதாரணமான சொற்களில்: 'இந்தப் படம் நோன்பு தொடங்குவதற்கு முன்பே எடுக்கப்பட்டது.' முன்பு என்று எழுதி, யோசித்து, முன்பே ஆக்கினேன்.

ஒரு முறை மெயிலைப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. அச்சுக்கு அனுப்பினேன்.

புதுத் தகட்டில் முதல் தாள் விழுந்ததும் கண்ணப்பன் அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"கறுப்பக் கொறைக்கணும்னீங்க. ஒரு வரி கூடிக்கீதே சார்?"

"அது கறுப்புலதானே இருக்கு."

அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தகட்டுச் சீட்டில் இருந்த என் கையெழுத்தைப் பார்த்தார். "மூஞ்சி நல்லா வந்துக்குது அண்ணாத்த. எனக்கு மூஞ்சி மட்டுந்தான் தெரியும். படிக்கறதுக்கெல்லாம் எனக்கு சம்பளம் கெடையாது" என்று சொல்லிவிட்டு மிஷினை ஓட்டினார்.

அச்சான அட்டையைப் படமெடுத்து வாட்ஸாப்பில் சுபைதாவுக்கு அனுப்பினேன். கீழே, 'இப்படிப் போட்டிருக்கிறோம் அம்மா. சரியா?' என்று எழுதினேன். சிறிது நேரத்தில், பார்த்துவிட்டதற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன. பதில் இல்லை.

அதற்குப் பிறகு நடந்தவற்றில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆசிரியர் ஊர் திரும்பியதும் எனக்கு மெமோ வந்தது. நிறம் சரிசெய்யும் அதிகாரத்தை எழுத்துச் சேர்க்கப் பயன்படுத்தியதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். மிக நன்றாக எழுதப்பட்ட மெமோ. என்னையே வரைவு எழுதச் சொல்லியிருந்தாலும் அதைவிடத் தெளிவாக எழுதியிருக்க மாட்டேன். விளக்கம் கொடுத்தேன். அந்த வருடச் சம்பள உயர்வு நின்றது. கையேட்டில் ஒரு உட்பிரிவு சேர்ந்தது: தகடு மாற்றும்போது எழுத்தில் மாறுதல் செய்யலாகாது. உங்கள் மேசையில் இருக்கும் பதிப்பில் அதைப் பார்க்கலாம். அது எந்த அடியிலிருந்து வந்தது என்று இனி உங்களுக்குத் தெரியும்.

ஆசிரியர் பயந்ததும் நடந்தது. பொங்கல் அட்டையை எப்போது எடுத்தீர்கள் என்று வாசகர்கள் கேட்டார்கள். ஒருவர் பழைய தீபாவளி மலரை ஆராய்ந்து, மத்தாப்புக்குப் பின்னால் இருக்கும் மாமரத்தில் பழம் தொங்குவதைக் கண்டுபிடித்து எழுதினார். சில மாதங்கள் அலுவலகம் பதில் சொல்லித் திணறியது. அதனால் பத்திரிகை படுத்துவிடவில்லை. ஆனால் அது எனக்கு அன்றைக்குத் தெரியாது. படுத்திருக்கவும் கூடும். முடிவெடுத்தது சரி என்பதற்கு விளைவை ஆதாரமாகக் காட்டுபவர்களை நம்பாதீர்கள். மிஷின் முன்னால் நிற்கும்போது விளைவு யார் கையிலும் இருப்பதில்லை.

எனக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றுதான். அந்த வரி கோவளத்தில் வேலை செய்ததா? சுபைதாவின் அடுப்பு எரிந்ததா? அன்சாரியைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. 'சரியாகிவிட்டது' என்று என்னைச் சமாதானப்படுத்தும் வேலையையும் அவர்கள் தலையில் கட்டுவது போல் இருந்தது. நோன்புப் பெருநாளுக்கு வாழ்த்து அனுப்பினேன். நீலக் கோடுகள் மட்டும் விழுந்தன. ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் அப்படியே. ஒரு முறை திருப்போரூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனவன், திரும்பும்போது கேளம்பாக்கம் சந்திப்பில் கோவளம் போகும் பேருந்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஏறவில்லை. பதில் சொல்லாமல் இருப்பது அவரது உரிமை. அந்த வாசலில் போய் நின்று அதைப் பிடுங்கக் கூடாது.

தை மாதத்தில் ஓய்வு பெற்றேன். அலுவலக மெயில் மூடப்பட்டது. அன்று நான் சுபைதாவின் வாசலிலிருந்து அனுப்பிய கோரிக்கைக்கு ஆசிரியரிடமிருந்து கடைசிவரை பதில் வரவில்லை. நான் அதை எதிர்பார்க்கவுமில்லை.

அப்புறம் ஒரு சாயங்காலம் செல்போனில் குரல் செய்தி ஒன்று வந்தது. பின்னணியில் ஏதோ பாத்திரம் உருண்டது, அன்சாரி யாரையோ அதட்டினார், அதற்குமேல் சுபைதாவின் குரல்.

"சார், நல்லாக்கிறீங்களா? நாளைக்குத் தலைநோன்பு. பக்கத்துத் தெருக்காரங்களும் சொல்லி வச்சிட்டாங்க, இருக்கற தேக்சா பத்தாதுன்னு பெருசு ஒண்ணு வாங்கிக்கிறேன். மூணு வூட்டுக்காரங்க இன்னும் வரல. வராட்டிப் போறாங்க. போட்டோ புடிக்கணும்னா இந்த வாட்டி நோன்புக்குள்ள வரச் சொல்லுங்க அந்தத் தம்பிய. முன்னாடியே வந்து நின்னான்னா கரண்டியாலயே போடுவேன்."

இரண்டு பெருநாள் வாழ்த்துகளையும் தாண்டி, நான் 'சரியா?' என்று கேட்டிருந்த செய்திக்குப் பதிலாகத்தான் அது வந்திருந்தது. இஸ்லாமியக் காலண்டரில் தேதி, ரமலானுக்கு முந்திய ஷஃபான் மாதம் இருபத்தொன்பது. அன்று மாலை பிறை தெரிந்திருந்தது.